ஐந்தரை மணி நேரம் தள்ளி

நிலவின் பின்புறம், நி.பி. இரண்டாம் நிலையம்
பணிக்குறிப்பு. எழுதுபவர்: செண்பகராமன், கருவிப் பொறியாளர்
மணி எல்லாம் உலக மணி

2091 ஆகஸ்ட் 23 | 03:10

வழக்கமான பதிவு. உள்காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. சூரியத் தகடுகளில் தூசி, துடைக்க வேண்டும். தூசி இல்லாத நாள் இங்கே எது? ஒரு சிமெண்ட் ஆலையே வெடித்துச் சிதறியதுபோல் எங்கும் சாம்பல் பூத்துக் கிடப்பதால், இந்த நிலையத்துக்கு அத்தான் வைத்த பெயர், எங்கள் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஊரான தாழையூத்து.

அத்தான் என்றால் ஆவுடையப்பன். நிலையப் பொறுப்பாளர், என் அக்கா கோமதியின் கணவர். இங்கே நாங்கள் இரண்டே பேர். தென்குழி விளிம்பில் உள்ள அதிர்வுமானி பேச்சை நிறுத்திவிட்டதால், முதல் வண்டியை எடுத்துக்கொண்டு இப்போதுதான் கிளம்பினார். ஒன்றரை மணி நேர ஓட்டம். மலைமுகடு குறுக்கே நிற்பதால் குரல் எட்டாது. தலைக்கு மேல் சுற்றும் அஞ்சல் செயற்கைக்கோள் வழியாக நிலையத்துக்குக் குறுஞ்செய்தி மட்டும் போகும். விண்வெளிக் கவசத்துக்குள் இருந்து பேசினால் போதும், 'தூது' செயலி அதை எழுத்தாக்கி அனுப்பிவிடும்.

இன்று தென்காசியில் அக்காவுக்கு ஆபரேஷன். முதல் பிரசவம். ஜோசியர் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டேகாலுக்குள் என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். டாக்டரம்மா முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்களாம். இங்கே ஓடுவது உலக மணி. ஊர் மணி அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அத்தான் கிளம்பும்போது தன் போனை ஊர் மணிக்கு மாற்றி வைத்துக்கொண்டார். "கூட்டிக் கழிச்சுப் பாக்க எனக்குப் பொறுமை இல்ல மாப்ள. அவ உள்ள போற நேரம் என் கையில ஓடணும்" என்றார். துபாயில் வேலைபார்த்த என் சித்தப்பாவும் இப்படித்தான், கடைசிவரை கைக்கடிகாரத்தை ஊர் மணியிலேயே வைத்திருந்தார்.

இன்றைக்கே போக வேண்டுமா என்று சண்டை போட்டேன். "இங்க உக்காந்திருந்தா சுவத்தப் பிராண்டிருவேன். விளிம்புக்குக் கீழ எறங்கிட்டா சிக்னல் இருக்காது. சத்தமே இல்லன்னா தேடாத. சாயங்காலம் வந்துருதேன்."

06:41

பெண்!

கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்தது: "நி.பி. இரண்டு, பெண் குழந்தை. ஊர் மணி 11:52. மூன்று கிலோ. தாயும் சேயும் நலம். வாழ்த்துகள்."

ஆளில்லாத நிலையத்தில் நான் கத்திய கத்து பூமிக்கே கேட்டிருக்கும். உடனே அத்தானுக்குத் தூதில் போட்டேன்: "அத்தான்! பொம்பளப் பிள்ளை! 11:52! ரெண்டு பேரும் சுகம். ஜோசியருக்கு ஒரு வேட்டி எடுக்கணும்." சற்று நேரத்தில் செய்தியின் பக்கத்தில் கண் அடையாளம் விழுந்தது. பார்த்துவிட்டார்.

பதில் இல்லை. வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பார் பாவம்.

08:20

ரவைப் பொட்டலத்தைப் பிரித்துக் கேசரி கிண்டினேன். நெய் இல்லை, நிறமும் இல்லை. ஆனாலும் கேசரி கேசரிதான். அத்தானுக்குச் செய்தி: "கேசரி ரெடி. சீக்கிரம் வந்தா உண்டு. லேட்டா வந்தா சட்டிய வழிச்சுக்கோங்க." மறுபடியும் கண் அடையாளம். மறுபடியும் பதில் இல்லை.

பார்க்க மட்டும் தெரிகிறது, பதில் போட மட்டும் கை வராதோ? அப்பன் ஆனதும் மனுஷனுக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது. வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

10:36

வந்த செய்தி. அப்படியே பதிகிறேன்.

"10:35. மாப்ள, வண்டி கவுந்துட்டு. விளிம்பு மண்ணு சரிஞ்சிட்டு. வலது காலு வண்டிக்கு அடியில மாட்டிக்கிட்டு, எடுக்க முடியல. உதிரிக் காத்து உருளை ஒடஞ்சுபோச்சு. வண்டியில கரண்டே இல்ல, அவசரப் பொத்தானும் வேலை செய்யல. கவசத்துல நாலு மணி நேரக் காத்து இருக்கு. ரெண்டாவது வண்டிய எடுத்துட்டு வா. பதறாம வா, நேரம் இருக்கு."

நாலு மணி நேரம். ஓட்டம் ஒன்றரை. போதும், தாராளமாகப் போதும். இரண்டு உருளை, நெம்புகோல், மருந்துப் பெட்டி ஏற்றிவிட்டேன். பதில் போட்டேன்: "வாரேன் அத்தான். அசையாம இருங்க."

கிளம்புகிறேன்.

11:22 | வண்டியிலிருந்து, குரல் பதிவு

பாதி தூரத்தை நெருங்கிவிட்டேன். செய்தி: "11:20. கெளம்பிட்டியால? ஒரு வார்த்தை சொல்லு."

சொன்னேன் அத்தான், மூன்று தடவை சொல்லிவிட்டேன். அங்கே கண் அடையாளமே விழவில்லை. காலையில் போட்டதெல்லாம் உடனே பார்த்த மனுஷன் இப்போது ஏன் பார்க்கவில்லை? வலியில் கை எழவில்லை போல. ஓட்டுகிறேன்.

12:05 | வண்டியிலிருந்து

"12:04. பொம்பளப் பிள்ளையா! ஏல மாப்ள! அழுதாளா? முடி இருக்கா? கோமதி என்ன சொன்னா? எனக்குக் கால் வலியே மறந்துட்டு பாத்துக்கோ. சரி, நீ எங்க வந்துக்கிட்டு இருக்க?"

சிரித்துவிட்டேன். ஆள் நல்லாத்தான் இருக்கிறார். இந்தச் செய்தியைக் காலையிலேயே பார்த்துவிட்டு இப்போதுதான் பதில் போடுகிறார், அது ஒன்றுதான் புரியவில்லை. இதோ, விளிம்பு தெரிகிறது. கவிழ்ந்த சக்கரம் தெரிகிறது. வந்துட்டேன் அத்தான்.

12:19 | தென்குழி விளிம்பு

இறந்துவிட்டார்.

12:30

கவசத்தின் காற்றுமானி பூஜ்யம். முகக்கண்ணாடியின் உள்பக்கம் உறைபனி. கையை மடக்க முடியவில்லை, விறைத்திருக்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் பேசிய ஆள் இப்படி ஆக முடியாது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

நாலு மணி நேரம் என்றீர்களே. நான் ரெண்டு மணி நேரம்கூட எடுக்கவில்லையே. அத்தான், எழுந்திருங்க.

12:42

என் மணிக்கட்டில் போன் அதிர்ந்தது. அனுப்புநர்: ஆவுடையப்பன்.

அவர் என் மடியில் கிடக்கிறார்.

"12:41. என்ன மாப்ள, பிள்ள பொறந்த சேதி சொல்லுத, எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டேங்க? எனக்குப் பயமா இருக்குல."

போனைத் தூர எறியப் போனேன். எறியவில்லை.

13:02

இதை யார் எடுத்துப் படிக்கிறார்களோ, அவர்களுக்காக நிதானமாக எழுதப் பார்க்கிறேன். 

அவருடைய போனின் மணியைப் பார்த்தேன். 18:29. என்னுடையது 12:59. ஊர் மணிக்கும் உலக மணிக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு செயலி செய்தி அனுப்பும்போது தேதியையும் மணியையும் ஒரே சரமாகக் கோத்து அனுப்பும். அந்தச் சரத்தின் வாலில், இது எந்த ஊர் மணி என்ற குறிப்பு இருக்க வேண்டும். ஊர் மணிக்கு வால் +05:30. போன வாரம் கீழேயிருந்து தூதின் புதிய பதிப்பு வந்தது. அதில் வால் இல்லை. அவர் போன் 10:35 என்று மட்டும் அனுப்பியிருக்கிறது. என் போன், வால் இல்லாததெல்லாம் உலக மணி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது இங்கே மணி 05:05. அதன் கணக்குப்படி அது இன்னும் வராத நேரத்துச் செய்தி.

தூதில் ஒரு வசதி உண்டு. பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டியே எழுதி, நேரம் குறித்து அனுப்பலாம். போய்ச் சேர்ந்தாலும் அந்த நேரம் வரும்வரை போன் காட்டாது. இரைச்சல் இல்லாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்படிப் பிடித்து வைத்துக்கொண்டது. காலை 05:05-க்கு, என் பாக்கெட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது அவருடைய கூப்பாடு. நான் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன்.

நான் அனுப்பியவை உலக மணி என்பதால் அவருக்கு உடனுக்குடன் போயிருக்கின்றன. அவர் என் கும்மாளத்தையெல்லாம் படித்திருக்கிறார். காலை வண்டி அழுத்த, காற்று குறையக் குறைய, "சட்டிய வழிச்சுக்கோங்க" என்று நான் போட்டதைப் படித்திருக்கிறார்.

தூதின் அமைப்புகளுக்குள் மூன்று படி இறங்கிப் பார்த்தால் ஒரு வரி இருக்கிறது. காத்திருப்பவை: 5.

என் போனின் மணியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் எல்லாம் ஒரே நொடியில் திறந்துவிடும். தள்ளவில்லை. அவர் இந்தப் போனுக்குள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

13:16 | வண்டியில், திரும்பும் வழி

அத்தானைப் பக்கத்து இருக்கையில் வாரால் கட்டி வைத்திருக்கிறேன். தலை என் பக்கம் சாய்கிறது. ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஓட்டுகிறேன்.

"13:15. சேர்ந்ததுன்னு காட்டுது. ஆனா உனக்குத் தெரியல. அது எனக்குப் புரிஞ்சிட்டு. என்ன எழவு கோளாறோ. நீ தெரிஞ்சும் வராம இருக்கிற ஆளா? உன் மேல ஒரு தப்பும் இல்ல மாப்ள, கேட்டுக்கோ. ஒரு தப்பும் இல்ல."

எப்படி அத்தான் உங்களுக்கு என்னைத் திட்டத் தோன்றாமல் போயிற்று? திட்டியிருக்கலாம். வாய்நிறையத் திட்டியிருக்கலாம்.

13:57 | வண்டியில்

"13:55. கேசரியா? நெய்யில்லாம என்னல கேசரி. முந்திரியாவது போட்டியா?"

வண்டியை நிறுத்தி அழுதேன். கவசத்துக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. இங்கே கண்ணீரும் மெல்லத்தான் இறங்குகிறது, பாதை தெரியவில்லை.

14:23 | வண்டியில், நிலையம் கண்ணில் தெரிகிறது

"14:21. பிள்ளைக்கு ஒண்ணு சொல்லி, அடுத்த வருஷம் பொறந்தநாளுக்கு, அவ பொறந்த மணிக்கே வர்ற மாதிரி நேரம் குறிச்சு அனுப்பியிருக்கேன். இதெல்லாம் உனக்கு வந்துதுன்னா அதுவும் வரும். மணிய மாத்தித் தொறந்து கிறந்து பாக்காத. உன்னப் பத்தி எனக்குத் தெரியும். அது அவளுக்கு."

14:36

"14:34. தூக்கமா வருது. வலிக்கல, கோமதிகிட்ட அதச் சொல்லிரு. வலிக்கலன்னு."

காத்திருப்பவை: 1.

ஆகஸ்ட் 24 | 05:50

அக்காவிடம் மூன்று நாள் சொல்ல வேண்டாம், தையல் ஆறட்டும் என்று கட்டுப்பாட்டு அறையின் மருத்துவர் சொன்னார். அதற்குள் அக்காவே பேசிவிட்டாள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து, குழந்தையின் முனகலோடு.

"தம்பி, அவுக ஏன்ல பேசல? பிள்ள பொறந்து ஒரு நாளாச்சு. வேலைதான் பெருசாப் போச்சாக்கும்? பேரு அவுகதான் காதுல சொல்லணும்னு பிள்ளைய இன்னும் 'பாப்பா'ன்னே கூப்பிடுதோம். வரச் சொல்லுல."

என் அக்காவை ஏமாற்ற எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன். வலிக்கவில்லை என்றும் சொன்னேன்.

 அந்தப் பக்கமிருந்து குழந்தை அழும் சத்தம் மட்டும் வந்தது. அதை யாரும் தூக்கவில்லை.

ஆகஸ்ட் 25 | 09:15

கீழேயிருந்து ஒரு பெண்குரல்.

"சார், என் பேரு ஹசீனா. தூது டீம். அந்தத் தேதி அனுப்புற கோடு நான் எழுதினது. டெஸ்ட் பண்ணினோம் சார், நாற்பது போன் வெச்சு டெஸ்ட் பண்ணினோம். எல்லாமே இந்த ஒரே ரூம்ல, ஒரே மணியில இருந்துச்சு. எல்லாம் பாஸ் ஆச்சு. இங்க யாருமே எந்த ஊர் மணின்னு கேட்டதில்ல சார்."

கத்தினேன். என்னவெல்லாமோ சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். நியாயம்தான், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர்வரை ஒரே மணி ஓடும் நாட்டில் யாருக்குத் தோன்றும்? பத்தரை என்றால் பத்தரைதானே நமக்கு. இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. மன்னிக்க இன்று முடியவில்லை.

ஆகஸ்ட் 25 | 16:40

மறுபடியும் ஹசீனா.

"சார், திருத்தின பதிப்பு இன்னைக்கு எல்லாப் போனுக்கும் வருது. அதுல ஒரு விஷயம். எதிர்காலத் தேதி போட்ட செய்தி எதுவா இருந்தாலும் பிழைன்னு எடுத்து அழிச்சிடும். அதை மாத்தச் சொல்லிச் சண்டை போட்டுப் பார்த்தேன், கேட்க மாட்டேங்கறாங்க. மூணு தடவைதான் 'பிறகு' அழுத்தலாம், அப்புறம் தானா ஏறிடும். உங்க போனை இப்பவே வலையில இருந்து எடுத்துடுங்க சார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அலையை அணைத்துவிட்டேன். அலையில்லாத போனோடு வெளியே போக விதி இடம் தராது. தகடுகளில் தூசி படியட்டும். மாற்று ஆட்கள் வரும்வரை உள்ளேயே கிடக்கிறேன், இதற்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டு.

இந்தப் போன் உங்கள் கைக்கு நான் இல்லாமல் வந்து சேர்ந்தால் ஒரே வேண்டுகோள். எதையும் அழுத்தாதீர்கள். தென்காசியில் ஒரு சின்னப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

2092 ஆகஸ்ட் 23 | 11:58 | தென்காசி

இது பணிக்குறிப்பு இல்லை. பழக்கம் விடவில்லை, அதே தாளில் எழுதுகிறேன். உலக மணியிலேயே.

பாப்பாவுக்கு ஆவுடைநாயகி என்று பெயர் வைத்தோம். காதில் சொன்னது நான். ஆவு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், முன்பல் இரண்டும் தெரியச் சிரிப்பாள். இன்று முதல் பிறந்தநாள்.

ஊர் மணி 11:52-க்கு வீடே போனைச் சுற்றி நின்றது. பெரியப்பா, மதினிமார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும். ஒன்றும் வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாக இதையே நினைத்துக் கொண்டிருந்தவன், இதை யோசிக்கவில்லை. அந்தச் செய்திக்கும் வால் இல்லை. அதுவும் ஐந்தரை மணி நேரம் கழித்துத்தான் வரும், சாயங்காலம் 5:22-க்கு. சொன்னேன். அக்கா சிரித்தாள். "அவுக என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்காக?" என்றாள். இந்த ஒரு வருஷத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

கேக் வெட்டினோம். சாப்பிட்டார்கள், போனார்கள். பாப்பா அக்காவின் தோளில் தூங்கிவிட்டாள். ஐந்தேகாலுக்கு நானும் அக்காவும் மட்டும் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

போனில் 11:48.

"தம்பி, இது வந்துட்டா அதுக்கப்புறம் வர்றதுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"இல்லக்கா."

"அப்பம் இதோட முடிஞ்சுதா?"

போன் திரையைத் துடைத்தேன். 

11:50. அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள். ஒரு கையால் பாப்பாவை அணைத்துக்கொண்டு, மறு கையால் தேடினாள். எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கடிகார அமைப்பைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. அது பாப்பாவுக்கு வந்தது, எங்களுக்கு அல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். 

ஐந்தரை மணி நேரம் பின்னால் தள்ளினாள். "பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள்.

தள்ளியதும் போனில் 06:20. போன வருஷம் இதே மணிக்குப் பாப்பா இன்னும் பிறக்கவில்லை. அத்தான் உயிரோடு இருந்தார், என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காத்திருப்பவை: 1.